வெட்டி எடுத்துப் பதித்த துண்டு: 'எம்ப்ளமாட்டிக்' என்னும் சொல்



இன்று ஒரே ஒரு பெயரடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆங்கில நாளேடுகளின் தலையங்கப் பக்கத்தை விடாமல் படிப்பவர்கள் 'எம்ப்ளமாட்டிக்' என்ற சொல்லை வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது சந்திப்பீர்கள். ஒரு பாலம் இடிந்து விழுந்தால், நிர்வாகச் சீர்கேட்டுக்கு அது எம்ப்ளமாட்டிக் என்று எழுதுவார்கள். நம் மாணவர்கள் கட்டுரை எழுதும்போது 'சிம்பாலிக்' என்ற சொல் ஒரே பத்தியில் இரண்டு முறை வந்துவிடக் கூடாதே என்று இரண்டாம் இடத்தில் இதைப் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அகராதியே ஒன்றுக்குப் பொருளாக மற்றொன்றைத்தான் தருகிறது. இரண்டும் வேறு வேறு என்பது என் கட்சி.

தராசு நீதியைக் குறிக்கிறது. தராசுக்கும் நீதிக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. நெடுங்கால வழக்கம் அந்த இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. இது சிம்பாலிக். இடிந்த பாலம் அப்படி அல்ல. எந்தச் சீர்கேட்டை அது காட்டுகிறதோ அந்தச் சீர்கேட்டின் ஒரு துண்டு அது. உள்ளே இருந்துகொண்டே முழுவதையும் காட்டுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. சிம்பாலிக் என்ற சொல்லுக்கு 'பெயரளவுக்கு' என்ற மங்கலான பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாம் 'அடையாள வேலைநிறுத்தம்', 'அடையாள உண்ணாவிரதம்' என்று சொல்கிறோமே, அந்தப் பொருள். ஒரு நாள் இருந்துவிட்டு மாலையில் பழச்சாறு குடித்து முடிப்பதை ஆங்கிலத்தில் சிம்பாலிக் என்று சொல்லலாம், எம்ப்ளமாட்டிக் என்று சொல்ல முடியாது. இந்தச் சொல் பெயரளவை ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்பதற்கு அதன் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

'எம்ப்ளேமா' என்பது கிரேக்கச் சொல். உள்ளே செருகியது, பதித்தது என்று பொருள். ரோமானியர்கள் அதை இரண்டு பொருள்களுக்கு வைத்திருந்தார்கள். ஒன்று, தரையில் பதிக்கும் மொசைக் ஓவியத்தின் நடுப்பகுதி. தரையின் மற்ற இடங்களில் பெரிய பெரிய கல்துண்டுகளை வேலையாட்கள் அங்கேயே உட்கார்ந்து பதித்துவிடுவார்கள். நடுவில் வரும் நுண்ணிய ஓவியத்தை மட்டும் தேர்ந்த கைவினைஞன் தன் பட்டறையில், கல் அல்லது சுட்ட மண் தட்டின்மேல் பொடிப் பொடித் துண்டுகளால் செய்து, தட்டோடு கொண்டுவந்து தரையில் இறக்குவான். 1737-இல் திவோலியில் ஹாட்ரியன் பேரரசரின் மாளிகை இடிபாடுகளிலிருந்து எடுத்த புறாக்கள் ஓவியம் இன்று ரோமின் கபிட்டோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் நான்கு புறாக்கள். ஒன்று குனிந்து நீர் குடிக்கிறது. அது இவ்வகை வேலை.

இரண்டாவது பொருள், வெள்ளிப் பாத்திரங்களில் பொருத்திய புடைப்புச் சிற்பம். கழற்றி எடுக்கக் கூடியது. கி.மு. 70-இல் சிசிலியின் முன்னாள் ஆளுநர் வெர்ரெஸ்மீது சிசரோ தொடுத்த வழக்கில் இந்த எம்ப்ளேமாக்கள் பெரிய இடம் பிடிக்கின்றன. ஊர் மக்களிடமிருந்து வெள்ளிப் பாத்திரங்களை வரவழைத்து, சிற்பங்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு, வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார் வெர்ரெஸ். பிறகு சிராக்கூஸ் அரண்மனையில் பொற்கொல்லர்களைக் கூட்டிவைத்து, பிடுங்கியவற்றைத் தன் தங்கப் பாத்திரங்களில் பதித்துக்கொண்டார். இந்தச் சொல்லின் வாழ்க்கை முழுவதும் இந்தச் செயலில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். ஓரிடத்தில் இருந்ததை எடுத்து இன்னோரிடத்தில் பதிப்பது. பதித்தபின் அது புதிய இடத்துக்கே உரியதுபோல் பளபளக்கும். பழைய பாத்திரத்தில் அது விட்டுப்போன பள்ளம் யார் கண்ணிலும் படாது.

சொல் புத்தகத்துக்குள் வந்தது 1531-இல். மிலான் பகுதியைச் சேர்ந்த ஆந்திரேயா அல்சியாட்டோ என்ற சட்ட அறிஞர் ஓய்வு நேரத்தில் இலத்தீனில் சிறு சிறு பாடல்கள் எழுதிவந்தார். ஒவ்வொன்றும் ஒரு பொருளையோ காட்சியையோ சொல்லி அதற்குள் ஒரு கருத்தை வைக்கும். அவற்றுக்கு எம்ப்ளம் என்று பெயர் வைத்தார். அந்தக் கையெழுத்துப்படி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து அச்சகத்தாரான ஹைன்ரிக் ஷ்டைனர் கைக்குப் போனது. படிப்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பாடலுக்கும் மரச்செதுக்குப் படம் சேர்த்து அச்சிட்டுவிட்டார் அவர். பிழைகள் மலிந்த அந்தப் பதிப்பை அல்சியாட்டோ விரும்பவில்லை. 1534-இல் பாரிஸில் திருத்தமான பதிப்பு வந்தது. ஆனால் மேலே ஒரு தலைப்பு வாசகம், நடுவில் படம், கீழே விளக்கப் பாடல் என்ற மூன்று அடுக்கு அமைப்பு அதற்குள் ஐரோப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த ஒரு நூற்றாண்டில் அந்த ஒரு நூல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.

அதில் ஒரு படம். பார்வையற்ற ஒருவர் கால் நடக்காத ஒருவரைத் தோளில் சுமந்து போகிறார். தோளில் இருப்பவர் வழி சொல்கிறார். தலைப்பு வாசகம் 'பரஸ்பர உதவி' என்ற பொருளில் அமைந்தது. சாங்கியத் தத்துவ நூலான சாங்கிய காரிகை படித்தவர்கள் இந்த இருவரையும் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். அங்கே அவர்கள் புருடனும் பிரகிருதியும், அதாவது அறிவுப்பொருளும் இயற்கையும். படம் ஒன்றுதான், கீழே எழுதும் வாசகம் மாறினால் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. எம்ப்ளத்தின் வலிமையும் அபாயமும் இங்கே இருக்கின்றன. படம் தானாகப் பேசுவதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று பொருள் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறையோடு வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். உள்ளுறையில் எருமை வள்ளைக் கொடியை மிதித்துத் தாமரையைத் தின்னும். பொருளைக் கேட்பவர் எடுத்துக்கொள்வார், கவிஞர் வாய் திறக்க மாட்டார். எம்ப்ளத்தில் பொருள் அச்சில் வந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் இந்த வழக்கம் புத்தகத்தோடு நிற்கவில்லை. ஜெஃப்ரி விட்னி 1586-இல் லைடன் நகரில் பிளாண்டின் அச்சகத்தில் தன் எம்ப்ளம் தொகுப்பை அச்சிட்டார். ஃபிரான்சிஸ் குவார்ல்ஸ் 1635-இல் வெளியிட்ட நூல் பல தலைமுறைகளுக்கு வீட்டுப் புத்தகமாக இருந்தது. புரோட்டஸ்டண்டான குவார்ல்ஸ் எடுத்தாண்ட படங்கள் ஏசு சபையினரின் நூல்களிலிருந்து வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கேயும் பிடுங்கிப் பதித்தல்தான். ஆனால் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புவது புத்தகத்தைப் பற்றி அல்ல, ஊசி நூலைப் பற்றி.

ஸ்காட்லாந்தின் அரசி மேரி 1568-இல் தன் நாட்டிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தார். உறவினரான எலிசபெத் அரசி அவரைப் பத்தொன்பது ஆண்டுகள் காவலில் வைத்திருந்தார். ஷ்ரூஸ்பரி பிரபுவின் வீடுகளில் அடைபட்டிருந்த காலத்தில், பிரபுவின் மனைவியோடு உட்கார்ந்து மேரி பூத்தையல் போட்டார். சிறு சிறு சட்டங்களில் கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, பட்டு நூலால் விலங்குகள், பறவைகள், செடிகள். பெரும்பாலான படங்கள் கொன்ராட் கெஸ்னரின் விலங்கியல் நூலிலிருந்தும் எம்ப்ளம் தொகுப்புகளிலிருந்தும் எடுத்தவை. அவற்றில் பல துண்டுகள் இன்று நார்ஃபோக் வட்டாரத்தில் ஆக்ஸ்பரோ மாளிகையில் தொங்குகின்றன.

அவற்றோடு சேர்த்துப் பேச வேண்டிய ஒரு துண்டு எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனைத் தொகுப்பில் இருக்கிறது. பூனை ஒன்று. கெஸ்னரின் நூலில் இருக்கும் பூனைதான். மேரி அதைச் செம்பட்டை நிறத்தில் தைத்தார். எலிசபெத்தின் தலைமுடி அந்த நிறம். மூலப் படத்தில் இல்லாத எலி ஒன்றையும் பூனையின் பக்கத்தில் சேர்த்தார். காவலர் பார்த்தால் அது தையல் வேலை. தெரிந்தவர் பார்த்தால் கடிதம்.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. மேகத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. கையில் கவாத்துக் கத்தி. காய்க்காத திராட்சைக் கொடியை அது வெட்டுகிறது. காய்க்கும் கொடி பக்கத்தில் தழைத்து நிற்கிறது. வெட்டுப்பட்டால் வீரம் துளிர்க்கும் என்ற பொருளில் மேலே ஓர் இலத்தீன் வாசகம். இந்த வேலைப்பாடுள்ள திண்டு ஒன்றை மேரி நார்ஃபோக் கோமகனுக்கு அனுப்பினார். மேரியை மணந்துகொள்ளும் திட்டத்தில் இருந்தவர் அவர். எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லை; மேரிக்கு மகன் உண்டு. எந்தக் கொடி காய்க்காதது, எது காய்ப்பது என்று அன்றைக்கு விளக்கவுரை யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. பின்னால் சதி வெளிப்பட்டு விசாரணை நடந்தபோது அந்தத் திண்டும் பேச்சில் வந்தது. கோமகனின் தலை 1572-இல் போயிற்று. மேரியின் தலை 1587 பிப்ரவரியில்.

வகுப்பில் சிம்பாலிக்குக்கும் எம்ப்ளமாட்டிக்குக்கும் வேறுபாடு கேட்கும் மாணவருக்கு இந்தத் திண்டைத்தான் நான் காட்டுவேன். வாசகத்தை எடுத்துவிட்டால் அது தோட்டக்காரன் வேலை. படத்தை எடுத்துவிட்டால் பொத்தாம் பொதுவான நீதிமொழி. இரண்டும் சேர்ந்து, அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்பதும் தெரிந்தபின்தான் அது ஒரு செயலாகிறது. தைத்தவரே அந்தக் கதைக்குள் ஒரு கொடி என்பதையும் மறக்கக் கூடாது. அவர் வெளியிலிருந்து ஒரு குறியைத் தேடிக்கொண்டு வரவில்லை.

ஷேக்ஸ்பியரும் இந்தத் தொழிலில் காசு வாங்கியவர். அரசர் முன்னிலையில் நடக்கும் குதிரைச் சமர் விளையாட்டில் பிரபுக்கள் படமும் வாசகமும் தீட்டிய கேடயம் ஏந்திவருவது வழக்கம். 1613 மார்ச்சில் ரட்லண்ட் பிரபுவின் கணக்குப் புத்தகத்தில், அத்தகைய கேடயத்துக்காக மிஸ்டர் ஷேக்ஸ்பியருக்கு 44 ஷில்லிங் பொற்காசாகவும், அதைத் தீட்டிச் செய்த ரிச்சர்ட் பர்பேஜுக்கு 44 ஷில்லிங்கும் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. கேடயம் நமக்குக் கிடைக்கவில்லை. 'பெரிக்ளிஸ்' நாடகத்தில் வீரர்கள் ஒவ்வொருவராகக் கேடயத்தோடு கடந்துபோகும் காட்சியைப் படித்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அங்கிருந்து இந்த எம்ப்ளம் வழக்கம் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1775-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் போர்ச் செலவுக்குக் காகிதப் பணம் அச்சிட்டபோது, அதற்கான படங்களை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் காமெராரியஸ் என்ற ஜெர்மானியரின் எம்ப்ளம் நூலிலிருந்து எடுத்தார். இரண்டு டாலர் தாளில் ஒரு கை கதிரடிக்கிறது. துன்பம் வளப்படுத்தும் என்ற பொருளில் வாசகம். துன்பத்துக்கு இலத்தீனில் வழங்கும் அந்தச் சொல்லே கதிரடிக்கும் கருவியின் பெயரிலிருந்து பிறந்தது. ஆறு டாலர் தாளில் கொறிக்கும் விலங்கு இனத்தைச் சேர்ந்த பீவர் பெரிய மரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. விடாமுயற்சி என்று வாசகம். பணத்தை வாங்கும் குடியானவருக்கு இவை புரிய வேண்டுமே என்று, ஒவ்வொரு தாளின் படத்துக்கும் விளக்கம் செய்தித்தாளில் வெளிவந்தது. படம், வாசகம், விளக்கம் மூன்றும் அங்கேயும் வந்துவிட்டன. நம் மாநில இலச்சினையில் கோபுரத்தோடு 'வாய்மையே வெல்லும்' என்ற வாசகம் இருப்பதும் இதே குடும்ப வழக்கம்தான்.

இதற்குப் பிறகு எம்ப்ளத்துக்கு மதிப்பு குறைந்தது. 1816-இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் ஒரு கோட்டைக் கிழித்தார். எந்த முழுமையைக் காட்டுகிறதோ அதன் உயிருள்ள பகுதியாகவே இருப்பது சிம்பல். வெறும் கருத்தைப் படமொழியில் மொழிபெயர்ப்பது அலிகரி என்றார். எம்ப்ளத்தை அந்த இரண்டாம் வரிசையில் தள்ளிவிட்டது அவர் வழிவந்த திறனாய்வு. ஆனால் பேச்சு வழக்கு திறனாய்வாளரைக் கேட்டு நடக்கவில்லை. கோல்ரிட்ஜ் சிம்பலுக்குக் கொடுத்த பெருமையை, அதாவது பகுதியாக இருந்து முழுமையைக் காட்டுவதை, இன்றைய ஆங்கில உரைநடை எம்ப்ளமாட்டிக் என்ற சொல்லுக்குக் கொடுத்துவிட்டது. எனக்கு இதில் மகிழ்ச்சி. பதித்தல் என்ற பழைய பொருள் எங்கோ அடியில் இருந்துகொண்டே வேலை செய்திருக்கிறது.

வழக்கு இலக்கணமாக இரண்டு செய்திகள் சொல்கிறேன். இந்தப் பெயரடை பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வருவதைவிட 'ஆஃப்' என்ற முன்னிடைச்சொல்லோடு பயனிலையாக வரவே விரும்பும். எதற்கு எம்ப்ளமாட்டிக் என்று சொல்லாமல் வெறுமனே விட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். இரண்டாவது, இதை 'ஐகானிக்' என்ற சொல்லோடு குழப்பக் கூடாது. புகழ் இருந்தால் ஐகானிக் ஆகிவிடலாம். பிரியாணிக் கடைக்குக்கூட இப்போது அந்தப் பட்டம் கிடைக்கிறது. எம்ப்ளமாட்டிக் என்று சொல்பவர் ஒரு வாதத்தை முன்வைக்கிறார். இந்த ஒன்று அந்த முழுமையின் நேர்மையான மாதிரி என்பதே அந்த வாதம். நிரூபிக்கும் பொறுப்பும் அவரையே சேரும். அந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு புகைப்படத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

1936 மார்ச்சில் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங்க், அமெரிக்க அரசின் மீள்குடியேற்றத் துறைக்காக வேலை செய்துகொண்டிருந்தவர், கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் வண்டியை நிறுத்தினார். உறைபனியில் பயிர் அழிந்து, வேலை இல்லாமல் ஆட்கள் முடங்கிக் கிடந்தார்கள். ஒரு கூடாரத்தடியில் ஒரு பெண், பிள்ளைகளோடு. லாங்க் ஒரு சில படங்கள் எடுத்தார். கடைசிப் படத்தைத்தான் உலகம் அறியும். தாய் கன்னத்தில் விரல் வைத்துத் தூரத்தில் எங்கோ பார்க்கிறார், இருபக்கமும் இரண்டு பிள்ளைகள் கேமராவுக்கு முதுகு காட்டி அவர் தோளில் சாய்ந்திருக்கிறார்கள், மடியில் கைக்குழந்தை. பொருளாதாரப் பெருமந்தத்துக்கு எம்ப்ளமாட்டிக் எது என்று கேட்டால் இன்றும் எல்லோரும் காட்டுவது இதைத்தான். 'புலம்பெயர்ந்த தாய்' என்பது அதற்குப் பின்னால் அமைந்த தலைப்பு. முதலில் லாங்க் கொடுத்த குறிப்பில் பட்டாணி பறிக்கும் ஏழைகள் என்பதும், ஏழு பிள்ளைகளின் தாய் என்பதும், வயது முப்பத்திரண்டு என்பதும் இருந்தன. பெயர் இல்லை. அவர் கேட்கவில்லை.

நெகட்டிவின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் தெரியும். சில ஆண்டுகள் கழித்து லாங்க் அதை அழிக்கச் செய்தார். கண்ணை இழுக்கிறது, படத்தின் ஒருமை கெடுகிறது என்பது காரணம். கைவேலை தெரிந்தவர்களுக்கு அது நியாயமான காரணமாகப் படும். ஆனால் இன்றைய பேச்சின் பின்னணியில் அந்த விரலை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. கூடாரம் சாயாமல் ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது; அதைப் படத்திலிருந்து எடுத்தால்தான் படம் முழுமையாகிறது.

படம் சான் ஃபிரான்சிஸ்கோ நாளேட்டில் வந்ததும் அரசு முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. 1978-இல்தான் மோடெஸ்டோ நகரத்துச் செய்தியாளர் ஒருவர் அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்தார். பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். ஒக்லஹோமாவில் பிறந்த செரோக்கி இனப் பழங்குடிப் பெண். புழுதிப் புயல்களால் நிலமிழந்து கலிஃபோர்னியாவுக்கு ஓடிவந்த வெள்ளைக் குடியானவர்களின் முகமாக நாற்பது ஆண்டுகள் அந்த முகத்தை உலகம் வைத்திருந்தது. அவரோ பெருமந்தத்துக்கும் புழுதிப் புயலுக்கும் முன்பே, 1920-களிலேயே, கலிஃபோர்னியாவுக்கு வந்துவிட்டவர். சோற்றுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்க் பின்னாளில் நினைவுகூர்ந்ததைக் குடும்பத்தார் மறுத்தார்கள். வண்டி வழியில் பழுதாகிவிட்டது, பையன்கள் அதைச் சரிசெய்யப் போயிருந்தார்கள், அம்மா காத்திருந்தார்கள், அவ்வளவுதான் என்றார்கள். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று தாம்ப்சன் மனம் கசந்து சொன்னார்.

வறுமை உண்மை. பசி உண்மை. அந்த முகத்தில் இருந்த கவலையும் யாரும் வரவழைத்தது அல்ல. பள்ளம் விட்டது வாசகத்தில். வெர்ரெஸ் வெள்ளியிலிருந்து பிடுங்கியதைப்போல ஒரு பழங்குடிப் பெண்ணின் வாழ்விலிருந்து ஒரு கணம் எடுக்கப்பட்டு, வேறொரு கூட்டத்தின் கதையில் பதிக்கப்பட்டது. எடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, நன்மையும் நடந்தது. ஆகவேதான் ஆய்வு மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். உங்கள் ஆய்வேட்டில் ஒரு நாவலின் பாத்திரத்தை ஒரு சாதிக்கோ, ஒரு காலத்துக்கோ, பெண்குலத்துக்கோ எம்ப்ளமாட்டிக் என்று எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்துங்கள். அந்தப் பாத்திரம் எந்தப் பாத்தியிலிருந்து வருகிறது, அதில் எந்த விரலை நீங்கள் அழித்தீர்கள் என்று அடுத்த வாக்கியத்தில் எழுத முடிந்தால் மட்டும் அந்தச் சொல்லை வையுங்கள். முடியாவிட்டால் 'சிம்பாலிக்' போதும். பல இடங்களில் 'ஓர் உதாரணம்' என்பதே போதும்.

1983-இல் தாம்ப்சன் நோய்வாய்ப்பட்டபோது மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். நாடு முழுவதிலுமிருந்து சுமார் 35,000 டாலர் வந்தது. பணத்தோடு கடிதங்களும் வந்தன. அந்தப் படம் தங்கள் வாழ்வில் என்னவாக இருந்தது என்று முன்பின் அறியாதவர்கள் எழுதியிருந்தார்கள். அதுவரை அதைச் சாபமாகவே நினைத்துவந்த பிள்ளைகள், அம்மாவின் படம் இத்தனை பேரைத் தொட்டிருக்கிறது என்பதே தங்களுக்குத் தெரியாது என்றும், இப்போது பெருமையாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். கல்லறைக் கல்லில் அவருடைய பெயரோடு 'புலம்பெயர்ந்த தாய்' என்பதும், அமெரிக்கத் தாய்மையின் வலிமையைச் சொல்லும் ஒரு பெருங்கதை அவர் என்ற கருத்தில் ஒரு வரியும் இருக்கின்றன.